குருட்டுப் புள்ளடி

என் மனைவி நகுலேஸ்வரியைப் பற்றி எழுதப் போகிறேன். அவளுக்குத் தெரிந்தால் "உங்களுக்கு வேற வேலை இல்லையோ" என்பாள். இல்லைதான். நான் பஸ் சாரதி. காலையில் நாலு மணித்தியாலம், பின்னேரம் நாலு மணித்தியாலம் ஓட்டம். நடுவில் கிடைக்கிற வெறும் நேரத்தில்தான் என் வாழ்க்கையின் முக்கால்வாசிப் பிழைகளைச் செய்திருக்கிறேன். அவற்றில் பெரியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பதினேழு வருடத்துக்கு முன் அவள் லண்டன் ஹவுன்ஸ்லோவில், விமான நிலையத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிற பொதிகளை ஸ்கேன் பண்ணி, எது எந்த விமானத்துக்கு என்று பிரித்து அடுக்க வேண்டும். சேர்ந்து மூன்றாம் மாதம், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பொதிச் சீட்டில எட்டு இலக்கம் இருக்குமெல்லே. அதில கடைசி இலக்கம் ஒருநாளும் ஏழு, எட்டு, ஒன்பது வாறேல்லை."

"வராட்டி என்ன? கறியைப் போடும்" என்றேன்.

அவள் கறியைப் போட்டாள். ஆனால் விடவில்லை. அடுத்த கிழமை, பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்கோடு வந்தாள். முதல் ஏழு இலக்கத்தையும் ஒரே எண்ணாக எடுத்து ஏழால் வகுத்தால் வருகிற மீதிதான் அந்த எட்டாவது இலக்கம். 4163205 ஐ ஏழால் வகுத்தால் மீதி நாலு. சீட்டில் கடைசியில் நாலு இருக்கும். யாராவது இலக்கத்தை மாற்றி அடித்தால் கணினி கண்டுபிடிக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு அது. அந்தக் கொட்டகையில் ஒருவருக்கும், மேற்பார்வையாளருக்குக்கூட, அது தெரியாது. இவள் பெட்டி தூக்கிக்கொண்டே கண்டுபிடித்திருக்கிறாள்! அன்றிலிருந்து பதினேழு வருடமும் மனதுக்குள் வகுத்துக்கொண்டேதான் வேலை செய்தாள். மீதி சரிவராத பெட்டியை ஒரு பக்கமாக வைத்துவிடுவாள். அங்கே அதற்கு 'நகுலாவின் அனுபவம்' என்று பெயர். அது அனுபவம் இல்லை, கணக்கு என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், "ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றாள்.

ஊரில் உயர்தரம் வரை கணிதம் படித்தவள். பரீட்சை எழுதினாள், முடிவு வந்தபோது வாங்குவதற்கு வீட்டில் ஒருவரும் இல்லை, சண்டையால் ஊரே இடம்பெயர்ந்துவிட்டது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. ஆனால் எங்கள் மகள் தர்மிகா பள்ளிக்கூடம் முடித்து ஐந்து வருடமாகியும் மகளுடைய கணிதக் கொப்பிகள் எங்கள் உடுப்பு அலுமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன. எறியச் சொல்லி நான் இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன ஐப்பசியில் கடிதம் வந்தது. கொட்டகையில் இயந்திரம் பூட்டப் போகிறார்களாம். பொதி பிரிக்கிற நாற்பத்திரண்டு பேரும் பங்குனியோடு வேலையை விட வேண்டும். எட்டுப் பேருக்கு மட்டும் திட்டமிடல் மேசையில் இடம் உண்டு. எந்த விமானத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்று கணினியில் பார்த்து ஒதுக்குகிற, கதிரையில் இருந்து செய்கிற வேலை. அந்த எட்டு இடத்துக்கு முதல் வாசல் ஒரு நுண்ணறிவுப் பரீட்சை. முழுக்க எண் கோலங்கள்: ஒரு வரிசை எண் தருவார்கள், அடுத்தது என்ன என்று நாலு விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். இருபது கேள்வி, பதினைந்து நிமிடம். பதினாலு சரியென்றால் நேர்முகம். ஒரே ஒரு தடவைதான் எழுதலாம்.

கடிதத்தை வாசித்துவிட்டு அவள் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கனகாலம் பார்க்கவில்லை.

"இது எனக்கெண்டே வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

அவளுக்கு அந்தக் கதிரை வேண்டும். பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பும் நாரியும் போனதற்காக மட்டும் இல்லை. தலைக்குள் இத்தனை வருடம் சும்மா சுழன்றதற்கு ஓர் இடம் வேண்டும். எனக்கு அது விளங்கியது. விளங்கியதால்தான் நான் இந்த விஷயத்தில் தலையைப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம்.

செவன் கிங்ஸில் இருக்கும் என் தங்கை மாதங்கி, தன் மகள் கிராமர் பள்ளிக்கூட நுழைவுப் பரீட்சைக்குப் பாவித்த புத்தகங்களை ஒரு பையில் கொண்டுவந்து தந்தாள். பத்து வயதுப் பிள்ளைகளின் புத்தகம். மூலைக்கு மூலை நட்சத்திர ஸ்டிக்கர். ஐம்பதை எட்டப்போகிறவள் அதை விரித்து வைத்துக்கொண்டு குசினியில் சாப்பாட்டு மேசையில் இருந்தாள். நான் எதிரில் இருந்தேன், கையில் சிவப்புப் பேனையோடு.

நான் யார் திருத்துவதற்கு? சாதாரண தரத்தில் கணிதத்தைத் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணியவன். அவளோ அதே பாடத்தில் பள்ளிக்கூடத்தில் முதலாவது. ஆனால் புத்தகத்தின் பின்னால் விடைகள் இருந்தன. அதை நான் வைத்துக்கொண்டேன். விடை கையில் இருக்கிறவன் வாத்தியார் ஆகிவிடுகிறான்.

முதல் நாள் 4, 7, 12, 19, 28 என்று ஒரு வரிசை. அவள் பார்த்த கையோடு 39 என்று எழுதினாள். சரியான விடை. நான் மதிப்பெண்ணில் அரைப்புள்ளி வெட்டினேன்.

"ஏன்?"

"செய்கை எங்க? எப்பிடி வந்ததெண்டு காட்ட வேணுமெல்லே."

எங்கள் காலத்தில் அப்படித்தான். செய்கை இல்லாத விடை, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிய விடை. விடை பிழைத்தாலும் செய்கைக்குப் புள்ளி உண்டு. அந்தச் சட்டத்தை நான் முப்பது வருடம் கழித்து லண்டனில் என் குசினிக்குள் கொண்டுவந்தேன். அவளும் பேசாமல் 3, 5, 7, 9, 11 என்று வித்தியாசங்களைக் கீழே எழுதி, விடையின் கீழ் அடிமட்டம் வைத்து இரண்டு கோடு போட்டாள். எனக்குப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. முழுப்புள்ளி போட்டேன்.

தெரியாத கேள்விக்கு விடை போடுவதும் தடை. நாலு விடைகளில் ஒன்றுக்கு நேரே போடுகிற அடையாளத்தைப் புள்ளடி என்போம். தெரியாமல் போட்டால் அது குருட்டுப் புள்ளடி. ஒருநாள் ஒரு கேள்விக்கு அவள் செய்கை இல்லாமல் புள்ளடி போட்டிருந்தாள். அது சரியாகவும் இருந்தது.

"இது எப்பிடி வந்தது?"

"சும்மா போட்டுப் பாத்தனான்."

"அது களவு" என்று சொல்லி, சரியான விடையைச் சிவப்பால் குறுக்கே வெட்டினேன். கோடு கடதாசியில் பதிந்து அடுத்த பக்கத்திலும் தெரிந்தது.

தர்மிகாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநர். வேலைக்கு அலைந்த காலத்தில் இப்படி ஒரு டசின் பரீட்சை எழுதியவள்.

"அப்பா, இட்ஸ் நொட் எ மாத்ஸ் எக்ஸாம். வேர்க்கிங் ஒருத்தரும் பாக்க மாட்டினம். நாப்பத்தைஞ்சு செக்கனுக்கு ஒண்டு. தெரியாட்டி கெஸ் பண்ணோணும். முதல்ல நீங்க ரைமர் வையுங்கோ."

"நீ உன்ர வேலையைப் பார். கொம்மாவுக்கு நான் படிப்பிக்கிறன்" என்று கத்தினேன். உண்மையில் கத்தினேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் அடிமட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தர்மிகா கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள், நான் கடைசிவரை மணிக்கூட்டை வைக்கவில்லை.

பரீட்சை, தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விமான நிலையத்தடி ஹோட்டல் ஒன்றில். அறைக்குள் வரிசையாகக் கணினி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில். நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து காருக்குள் காத்திருந்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை, கொட்டகையில் அவளோடு வேலை செய்கிற ஜெராட் விசிலடித்துக்கொண்டு வெளியே வந்தான். நல்ல பெடியன், முப்பது வயது, கணக்கென்றால் காததூரம் ஓடுவான்.

"என்ன ஜெராட், அதுக்குள்ள முடிச்சிட்டியோ?"

"பத்தைக் கணக்குப் பாத்துச் செய்தன் அண்ணை. மற்றப் பத்துக்கும் பி, பி, பி எண்டு அமத்திப்போட்டு வாறன். கடவுள் விட்ட வழி!"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், இவன் அம்போ என்று நினைத்தேன்.

நகுலா கடைசி ஆளாக வந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பெல்ற்றைப் போட்டாள்.

"எப்பிடி?"

"பதின்மூண்டு செய்தனான். பதின்மூண்டும் சரி."

அவள் சரி என்றால் சரிதான். ஆனால் வேண்டியது பதினாலு.

"மிச்சம் ஏழு?"

"விட்டிட்டன்."

"வெறுமையாவோ?"

"ஓம்."

நான் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் நடந்ததைச் சொன்னாள். முதல் கேள்வியிலிருந்தே வெள்ளைத்தாளில் செய்கை எழுதியிருக்கிறாள். அடிமட்டம் இருக்கிறதா என்று அங்கே நின்ற பிள்ளையைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு இல்லை என்றதாம். ஆறாவது கேள்வி 1, 2, 4, 8. இரட்டித்துக்கொண்டு போனால் 16. ஆனால் வித்தியாசத்தின் வித்தியாசத்தைப் பார்த்தால் 15 உம் வரும், அதுவும் விடைகளில் இருந்தது.

"ரெண்டும் சரி. கேட்டவர் எதை நினைச்சுக் கேட்டவர் எண்டு யோசிச்சன். ரெண்டு நிமிசம் போட்டுது. அப்பத்தான் விளங்கினது, இது எண்களைப் பற்றின சோதினை இல்லை. கேட்டவற்ற மனசில என்ன இருக்கெண்ட சோதினை. பிறகு பதினாறுக்குப் போட்டன்."

"சரி, கடைசி ஏழும்? தெரியாட்டில் ஏதாவதொண்டில அமத்தியிருக்கலாமே! ஏழில ஒண்டு பட்டிருந்தால் பதினாலு!"

"தெரியும்" என்றாள். "ஏழும் பிழைக்கிறதுக்கு நூற்றுக்குப் பதின்மூண்டுதான். ஒண்டெண்டாலும் படுறதுக்கு எண்பத்தேழு. உள்ளுக்க இருந்தே கணக்குப் பாத்தனான்."

"பாத்துப்போட்டும் ஏன் விட்டனீர்?"

அவள் முன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். மேலே ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிசம் இருந்தது. அமத்தத்தான் கையைக் கொண்டு போனனான். உங்கட சிவப்புப் பேனை ஞாபகம் வந்திட்டுது."

எனக்கு என் மீது அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. காரை எடுக்க முடியவில்லை. அவளோ காருக்குள் கிடந்த பழைய காப்புறுதிக் கடித உறையை எடுத்து மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள். அந்தக் கடைசி ஒரு நிமிடத்தில், ஏழு தட்டுத் தட்டியிருந்தால் போதும் என்ற அந்த ஒரு நிமிடத்தில், ஏழு கேள்விகளையும் பார்த்து மனதில் பதித்துக்கொண்டு வந்திருக்கிறாள்!

பரீட்சை முடிவு இரண்டு கிழமையில் வந்தது. பதின்மூன்று. ஜெராட்டுக்குப் பதினைந்து. செய்த பத்தில் எட்டுச் சரியாம், குருட்டுப் புள்ளடியில் ஏழு விழுந்துவிட்டதாம். அவனுக்கே நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து நின்று, "அக்கா, உங்களுக்குத்தான் கிடைச்சிருக்க வேணும்" என்று சொல்லிக் கண் கலங்கினான். நகுலா அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

நிர்வாகத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். பதினேழு வருடம், மீதி, ஏழால் வகுத்தல், எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி, தர்மிகாவிடம் ஆங்கிலம் திருத்தக் கொடுத்தேன். நகுலா அதை வாங்கி வாசித்துவிட்டு நாலாக மடித்தாள்.

"வேண்டாம். பதினாலு எண்டு முதலே சொன்னவங்கள். நான் பதின்மூண்டு. அவங்களில பிழை இல்லை."

"என்னிலதான் பிழை" என்றேன். பிடிவாதக்காரனுக்கு அந்த இரண்டு சொல் வெளியே வர எவ்வளவு பாடு என்று கட்டினவளுக்குத் தெரியும்.

"ஓம்" என்றாள். மறுக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அந்தக் கடித உறையையும் ஓர் ஒற்றைத் தாளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஏழு வரிசையும், ஏழுக்கும் செய்கை, ஏழு விடையின் கீழும் இரட்டைக் கோடு.

"திருத்துங்கோ."

என்னிடம் விடைகள் இல்லை. ஒவ்வொன்றாக நானே கணக்குப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஏழும் சரி. சிவப்புப் பேனையை எடுத்தேன், புள்ளி போடக் கை வரவில்லை. பேனையைத் தர்மிகாவின் கையில் கொடுத்து, எங்கேயாவது எறி என்றேன். அவள் அதை அந்தப் பழைய கொப்பிகளோடு வைத்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. இந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றையும் எறியத் தெரியாது.

பங்குனி முடிய அவள் வேலை முடிந்தது. சித்திரையில் ஜெராட்டின் தொலைபேசி வரத் தொடங்கியது. திட்டமிடல் மேசையில் ஓர் இலக்கத்தை அடித்தால் கணினி சிவப்புக் காட்டி மறுக்கிறதாம், என்ன செய்ய என்று தெரியவில்லையாம். நகுலா முதல் ஏழு இலக்கத்தையும் சொல்லச் சொல்வாள். வெங்காயம் வெட்டுகிற கை நிற்காது.

"கடைசி மூண்டாய் இருக்க வேணும் தம்பி. அது மூண்டில்லையெண்டால் முன்னுக்கு ஏதோ மாறி அடிச்சிருக்கு. கடதாசியை எடுத்துப் பார்."

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் இருக்கிற கதிரை உம்மட கதிரை. இனி போனை எடுக்கக் கூடாது" என்றேன்.

"பெட்டி என்ன பாவம் செய்தது? அது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்" என்றாள்.

வைகாசியில் பெல்தம் பக்கத்தில், விமான உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் இருப்புத் திட்டமிட ஆள் தேவை என்று தர்மிகா கண்டுபிடித்தாள். அங்கேயும் அதே மாதிரிப் பரீட்சை. இருபது கேள்வி, பதினைந்து நிமிடம்; ஆனால் இங்கே பதினாறு வேண்டும். இந்த முறை தர்மிகாதான் பொறுப்பு. தொலைபேசியில் நாற்பத்தைந்து செக்கன் வைத்தாள். மணி அடித்தால் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் புள்ளடி. நான் மூலையில் கதிரை போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

தெரிந்த கேள்விக்கு நகுலாவின் கை பறந்தது. தெரியாததுக்கு மணி அடித்தபிறகும் பென்சில் தாளின் மேலேயே நின்றது. நாலாம் நாளும் அப்படியே.

என்னால் ஏலாமல் போய்விட்டது. "போடுமன், சும்மா போடும்!" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள்தானே களவெண்டு சொன்னனீங்கள்."

"நான் விசரன். விசரன் சொன்னதைக் கேட்டு வேலையை விட்டனீர். இப்ப விசரன் போடச் சொல்லுறன், போடும்."

தர்மிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நகுலா சிரிக்கவில்லை.

"போடுறன்" என்றாள். "ஆனால் நீங்கள் திருத்தக் கூடாது."

பரீட்சையன்று மறுபடியும் காருக்குள் நான். இந்த இடத்தில் முடிவை அங்கேயே கணினித் திரையில் காட்டிவிடுவார்களாம். பதினைந்து நிமிடம் போய்ப் பதினெட்டாகியது. ஹவுன்ஸ்லோப் பக்கமிருந்து வருகிற பஸ்களை எண்ணிக்கொண்டு இருந்தேன். அவள் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வழமையான நடையில் வந்தாள். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஏறினாள், கதவைச் சாத்தினாள், பெல்ற்றைப் போட்டாள்.

"எவ்வளவு?"

"பதினாறு. புதன்கிழமை நேர்முகம்."

நான் ஹோர்ன் அடித்துவிட்டேன். சத்தியமாக, பதின்மூன்று வருடம் பஸ் ஓட்டுகிறவன், ஒரு காரணமும் இல்லாமல் ஹோர்ன் அடித்தது அன்றைக்குத்தான். நடைபாதையில் போன கிழவர் ஒருவர் திரும்பி முறைத்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை.

அவள் மட்டும் விரல்களை மடித்து ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினைஞ்சு நான் செய்தது. அது பதினைஞ்சும் சரி. மிச்சம் அஞ்சுக்கும் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டனான். அதில ஒண்டு பட்டிருக்கு."

"பட்டால் அதுவும் உம்மடதுதானே!"

"இல்லை" என்றாள். கைக்குட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "பதினைஞ்சும் என்ர. அந்த ஒண்டு உங்கட."